திருத்தித் தரப்படும்

எங்கள் கடைப் பலகையில் ‘இங்கே உடைகள் திருத்தித் தரப்படும்’ என்று எழுதியிருக்கும். ‘ஆல்டரேஷன் கடை’ என்று எழுதத்தான் சொன்னோம். பெயின்டருக்கு அன்றைக்குப் பார்த்துத் தமிழ்ப்பற்று பொங்கிவிட்டது. அதனால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வருகிற பெண்களில் பாதிப் பேர் துணியைக் கீழே வைப்பதற்கு முன்பே, “எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தா அவரையும் திருத்தித் தருவீங்களா?” என்று கேட்பார்கள். அண்ணி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “முதல்ல எங்க வீட்டுக்காரரை முடிச்சுக்கிறேன், அப்புறமா உங்க ஆளைக் கூட்டிட்டு வாங்க” என்பார். அவருடைய வீட்டுக்காரர் என்றால் என் அண்ணன். பக்கத்து மெஷினில் உட்கார்ந்துகொண்டு, காதே கேட்காதவன் மாதிரி மிதித்துக்கொண்டிருப்பான்.

நான் அண்ணிக்கு நாத்தனார். அதே கடையில் காஜா எடுப்பதும் பொத்தான் தைப்பதும் என் வேலை. நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்ல வார்த்தை வராது என்று நினைக்கிறீர்களா? வரும். கொஞ்சம் முக்கி முனகி வரும், அவ்வளவுதான்.

அண்ணியின் அப்பா பஸ் கண்டக்டர். பொழுது விடிந்து பொழுது போகும் வரைக்கும் ஏறுகிறவர்களையெல்லாம் “எங்க போகணும், எங்க போகணும்” என்று கேட்கிற மனுஷன், வீட்டுக்கு வந்தால் பெற்ற பெண்ணை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அண்ணிக்கு நர்ஸ் வேலைக்குப் படிக்க ஆசை. அவர் டைப்ரைட்டிங்கில் சேர்த்துவிட்டார். டைப்ரைட்டிங் பிடித்துப்போய் நன்றாக அடிக்க ஆரம்பித்தபோது நிறுத்திவிட்டுத் தையலில் சேர்த்தார். தையல் கை வந்தபோது கல்யாணம் பேசி முடித்துவிட்டார். எல்லாம் நல்லதுக்குத்தான். நல்லதுக்குச் செய்கிறபோது எதற்குக் கேட்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அண்ணி என் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். “என்னை யாரும் கேக்கல. நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?” அண்ணன் வெலவெலத்துப் போய், “என்னையும்தான் யாரும் கேக்கல” என்று உளறினான். அண்ணி விழுந்து விழுந்து சிரித்தாராம். அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம் இன்றைக்கும் ஓடுகிறது. எனக்கே சில சமயம் வயிறு எரியும்.

தன்னை யாரும் கேட்காத குறைக்கு, அண்ணி ஊரையெல்லாம் கேட்பார். பேன்ட்டைத் திருத்தக் கொடுத்தால், “உக்காரும்போது இழுக்குதா, நிக்கும்போது இழுக்குதா, சாப்பிட்டப்புறம் இழுக்குதா?” என்று கேள்விமேல் கேள்வி. வந்தவருக்குத் தலை சுற்றினாலும், வாங்கிப் போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். பேச்சும் அப்படித்தான். மெஷின் நின்றாலும் அண்ணி நிற்க மாட்டார்.

கடை நகராட்சி மார்க்கெட் கட்டடத்தில், மாடிப்படி திரும்புகிற இடத்தில் இருந்தது. மூன்று மெஷின் போட்ட பிறகு நான்காவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். தேய்க்கிற மேஜையை மடக்கினால்தான் கதவு திறக்கும். அண்ணன் வேலை பார்த்த ரெடிமேட் கம்பெனியை மூடிவிட்டுப் போனபோது, அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அண்ணிதான் நகராட்சி ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். இவர் தலையைப் பார்த்தாலே கிளார்க் ஃபைலைத் தேட ஆரம்பிக்கும் அளவுக்கு நச்சரித்து, துடைப்பமும் உடைந்த நாற்காலியும் போட்டு வைத்திருந்த அந்த மூலையை வாங்கினார். அவர் வாழ்க்கையில் தானாக வேண்டும் என்று கேட்டு வாங்கியது அது ஒன்றுதான். அந்தக் கடையில் நல்ல வெளிச்சமாக ஒரு ஜன்னல். திறந்தால் நீதிமன்றத்தின் பின்வாசல் தெரியும். அதனால் எங்களுக்கு வக்கீல் வாடிக்கை அதிகம். வக்கீல்களுக்கு இடுப்பு சீக்கிரம் பெருத்துவிடும், எங்கள் பிழைப்பும் ஓடியது.

வக்கீல்கள் கிழிந்துபோன கறுப்பு கவுன்களை எங்களிடமே போட்டுவிட்டுப் போவார்கள். கெட்டித் துணி. அண்ணன் அதை வெட்டிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகிற பையாகத் தைத்து வாசலில் மாட்டுவான். அந்தப் பைகளில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

ஒருநாள் காலையில் மாடிப்படிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அகலச் சாலை வருகிறதாம், மார்க்கெட்டை இடிக்கப் போகிறார்களாம், எல்லாரும் காலி செய்ய வேண்டுமாம். கடைசி வரியில், ‘இதுகுறித்து எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்ப இயலாது’ என்றிருந்தது. அண்ணி அந்த வரியை மட்டும் சத்தம்போட்டு இரண்டாவது தடவை படித்தார்.

“இடிக்கிறது இருக்கட்டும். ஒரு வார்த்தை கேக்க வேணாமா? இது என்ன, ஆளில்லாத வீடா?”

கீழ்க்கடைப் பூட்டு ரிப்பேர்காரர் பேப்பர் படிக்கிறவர். அவர்தான் விளக்கினார். “அரசியல் சட்டத்தையே திருத்திட்டாங்கம்மா. சாலைக்குன்னு எடத்தை எடுத்தா யாரும் கோர்ட்டுப் படி ஏறக் கூடாது. நாடாளுமன்றத்துல மூணுல ரெண்டு பங்குப் பேர் கை தூக்கியாச்சு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.” சொல்லிவிட்டு அவர் சாவி ராவப் போய்விட்டார். மார்க்கெட்டே அப்படித்தான், கையை விரித்துவிட்டு வேறு இடம் தேடக் கிளம்பியது.

நானும், “விடுங்க அண்ணி, வேற கடை பார்த்துக்கலாம்” என்றேன்.

“உனக்கு ஈஸியா வாயில வருது. வேற கடை என்ன, ரோட்டுல கெடக்கா?” என்று எரிந்து விழுந்தார். அன்று முழுக்க அண்ணி பேசவில்லை. அண்ணன் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப் போகலாமா என்று என்னைக் கேட்டான்.

அந்த வாரத்தில்தான் குட்டை வக்கீல் வந்து குதித்தார். ஆள் உயரம் கம்மி. அவருடைய சீனியர் ஓய்வு பெற்றபோது தன் கவுனை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சீனியரோ நெட்டை. இவர் போட்டால் தரையைக் கூட்டும். கீழே மடித்துத் தைத்துத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார். தோள்பட்டை நைந்து, கறுப்பு வெளுத்துப்போயிருந்த அந்தக் கவுனைப் பார்த்த என் அண்ணன், இதை யார் இனிமேல் போடப்போகிறார்கள் என்று தானே முடிவு செய்து, பைத்துணியோடு சேர்த்துவிட்டான். வக்கீல் வந்து கவுன் எங்கே என்று கேட்டபோது, அது வாசலில் பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டையில் சீனியரின் பெயர் நூலால் தைத்திருந்ததை அழகாக இருக்கிறதே என்று பையின் முன்பக்கம் வைத்துத் தைத்திருந்தான் புண்ணியவான். அதனால் ஒளிக்கவும் வழியில்லை.

வக்கீல் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “யோவ், திருத்திக் குடுன்னுதானே குடுத்தேன்? திருத்தச் சொன்னா பையாக்கிடுவியா? வெளியே என்னய்யா எழுதியிருக்கே, திருத்தித் தரப்படும்னுதானே? திருத்தினா குடுத்த பொருள் திரும்பி வரணுமா இல்லையா? இது என்ன என் கவுனா?”

அண்ணன் அவரைச் சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று, “பை நல்லா உழைக்கும் சார்” என்றான். அந்த நேரத்தில் அவன் வாயில் ஊசியை வைத்துத் தைத்திருக்கலாம்.

அண்ணி அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, புதிய துணியில் வேறு கவுன் தைத்துத் தருவதாகச் சொல்லி, அளவெடுக்க ஆரம்பித்தார். டேப்பைத் தோளில் வைத்துக்கொண்டே கேட்டார். “சார், கோர்ட்டுக்குப் போகக் கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்களே, அப்படிப் போடலாமா? அதைக் கேக்கவாவது கோர்ட்டுக்குப் போகலாமா, அதுவும் கூடாதா?”

வக்கீலின் கோபம் பாதியில் நின்றது. “இதைத்தாம்மா நானும் அந்தத் திருத்தம் வந்ததுலேர்ந்து கத்திட்டிருக்கேன். வழக்குப் போட ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க.”

“நான் வர்றேன்.”

“அவசரப்படாதீங்க. ஜெயிச்சாலும் கடை நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். சாலை போடறது அரசாங்கத்தோட உரிமை. உங்களைக் கேக்காம, உங்க பேச்சைக் காது குடுத்துக் கேட்டு ஒரு முடிவு சொல்லாம எடுக்கக் கூடாதுன்னு வேணா தீர்ப்பு வாங்கித் தரலாம். தோத்தா அதுவும் இல்லை.”

“அது போதும் சார். கை தூக்குங்க, அக்குள் அளவு எடுக்கணும்.”

எனக்கு வந்ததே கோபம்! வாசலில் தொங்கிய பையைக் கழற்றிக்கொண்டு அவர் போனதும் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். “ஏன் அண்ணி, கடை கெடைக்காதாம், வெறுமனே கேப்பாங்களாம். அதுக்குப் போய் அரசாங்கத்தோட மல்லுக்கு நிக்கணுமா? வேலியில போறதை எடுத்து மடியில விட்டுக்கறீங்களே!”

“கேட்டுட்டு எடுக்கறது வேற, கேக்காம எடுக்கறது வேற. உனக்குப் புரியாது நாத்தனாரம்மா, உன்னை எல்லாரும் கேட்டுக் கேட்டுக் கெடுத்து வெச்சிருக்காங்க” என்றார். அதுவும் உண்மைதான். வீட்டில் நான் கடைக்குட்டி.

வழக்குப் போட்டார்கள். பேப்பரில் ‘தையல்காரப் பெண்மணி வழக்கு’ என்று வந்தது. பூட்டு ரிப்பேர்காரர் அதைக் கத்தரித்துத் தன் கடையில் ஒட்டிவிட்டு, தானே தூண்டிவிட்டதுபோலப் பேச ஆரம்பித்தார்.

விசாரணை அன்று நாங்கள் மூன்று பேரும் தேய்த்த துணி போட்டுக்கொண்டு போனோம். அடேங்கப்பா, எவ்வளவு பெரிய கூடம்! மேடையில் ஒரு வரிசை முழுக்க நீதிபதிகள். அரசாங்க வக்கீல் முதலில் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல், கவுனும் பிரமாதமான தையல். அவர் சொன்னது இதுதான். நாட்டை ஆள்கிறவர்கள் மக்கள். அவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள். நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. இந்த அளவுக்குத்தான் திருத்தலாம் என்று அதில் எங்கேயும் எல்லை போடவில்லை. அப்படியிருக்க, யாரும் ஓட்டுப் போடாத நீதிபதிகள் எல்லை போடுவது எப்படி நியாயம்?

எனக்கு அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. அண்ணியின் காதில், “அந்தாளு சொல்றதும் சரிதானே அண்ணி?” என்றேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

பிறகு எங்கள் குட்டை வக்கீல் எழுந்தார். அண்ணி தைத்த புதுக் கவுன் அவருக்கு அளவெடுத்தாற்போல, அளவெடுத்துத்தானே தைத்தது, கணுக்காலில் நின்றது. எழுந்தவர் மேஜைக்கு அடியிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்து உயர்த்திப் பிடித்தார். பார்த்தால், அண்ணன் தைத்த பை!

“மாண்புமிகு நீதிபதிகளே, இது என் சீனியரின் கவுன்” என்றார். “திருத்தித் தரப்படும் என்று பலகை வைத்திருக்கும் கடையில் கொடுத்தேன். இப்படித் திரும்பி வந்தது.”

கூடமே சிரித்தது. என் அண்ணன் நாற்காலியில் அப்படியே வழுக்கிக் கீழே போனான். “மானம் போச்சு, மானம் போச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நடுவில் இருந்த தலைமை நீதிபதி பையை வாங்கி, இழுத்துப் பார்த்தார். “தையல் உறுதியாக இருக்கிறதே. கவுனைவிட இது உபயோகமாகக்கூட இருக்கலாம், இல்லையா?”

“இருக்கலாம் ஐயா. ஆனால் இதைப் போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் நிற்க முடியாது. நீளத்தைக் குறைக்கலாம், கையை மாற்றலாம், முழுக்கப் பிரித்துக்கூடத் தைக்கலாம். எல்லாம் திருத்தம்தான். ஆனால் திருத்திய பிறகும் அது கவுனாக இருக்க வேண்டும். அரசியல் சட்டத்தில் இருப்பதும் அதே சொல்தான். திருத்தலாம் என்றுதான் இருக்கிறது. நீதிமன்றத்தின் கதவையே சாத்திவிட்டால் மிஞ்சுவது அரசியல் சட்டம் இல்லை, வேறு ஏதோ ஒன்று.”

ஓரத்தில் இருந்த ஒரு நீதிபதி, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தவர், விடவில்லை. “திருத்தம் எங்கே முடிகிறது, பை எங்கே ஆரம்பிக்கிறது என்று யார் சொல்வது? மக்கள்தானே நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?”

“தையல்காரரையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன் ஐயா. அதனால் துணி அவருடையதாகிவிடாது.”

“அது சரி. நாங்களும் அந்தத் துணிக்குச் சொந்தக்காரர்கள் இல்லையே!” என்றார் அந்த நீதிபதி.

வக்கீல் தடுமாறிவிட்டார். ஃபைலைப் புரட்டிவிட்டுச் சொன்னார். “இல்லைதான் ஐயா. நீங்கள் தைக்க வேண்டாம், வெட்ட வேண்டாம். கொடுத்தது இதுதானா என்று பார்த்து மட்டும் சொல்லுங்கள். அதைச் சொல்லவும் ஒருவர் இல்லையென்றால் நாங்கள் எங்கே போவோம்?”

அந்த நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டார். அவர் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தீர்ப்பு வருவதற்குள் அண்ணி இளைத்துப் பாதியானார். தன் துணியையே பிடித்துத் தைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அண்ணனுக்கோ நேர்மாறு. கோர்ட்டில் காட்டிய பை வேண்டும் என்று ஆட்கள் தேடி வந்தார்கள். மானம் போனதை மறந்துவிட்டு, “இது அதே டிசைன் சார்” என்று விற்றுக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு நீதிபதி வித்தியாசத்தில் ஜெயித்தோம். கண்ணாடிக்காரர் எதிர்ப்பக்கம்தான் எழுதியிருந்தார். ஜெயித்த பக்கத்தின் தீர்ப்பு இதுதான்: நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தின் எந்தப் பகுதியையும் திருத்தலாம், ஆனால் திருத்துகிறேன் என்று அதன் அடிப்படையையே இல்லாமல் ஆக்க முடியாது. நீதிமன்றத்துக்குப் போகிற வழியை அடைப்பது அப்படிப்பட்டது, ஆகவே செல்லாது. சாலைத் திட்டம் செல்லும். ஆனால் பாதிக்கப்படுகிற ஒவ்வொருவரையும் நேரில் கேட்டு, அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

மார்க்கெட்டில் ஒரே கும்மாளம். நான் வக்கீலை மடக்கினேன். “சார், ஒரு விஷயம் சொல்லுங்க. கடை இருக்கா, போகுதா?”

“அது இன்னும் தெரியாதும்மா. இனிமேதான் கேப்பாங்க.”

“நாசமாப் போச்சு” என்றேன். அண்ணியைத் திரும்பிப் பார்த்தால், பூட்டு ரிப்பேர்காரரின் மனைவியோடு கையைக் கோத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். அந்த வயதில் அப்படிக் குதித்து நான் யாரையும் பார்த்ததில்லை.

கடை போய்விட்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசி வரைக்கும் இழுத்தடித்து உங்களை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை. மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று லாரி போகிறது. ஆனால் தீர்ப்புப்படி அதிகாரிகள் நடத்திய விசாரணையில் எல்லாரும் சொன்னதைக் கேட்ட பிறகு, புதுக் கட்டடம் எழும்பும் வரை ஒருவரையும் வெளியேற்றக் கூடாது என்று முடிவானது. வயதானவர்கள் மாடி ஏறிச் சாக வேண்டாம் என்று அண்ணி சொன்னதால் எங்களுக்குக் கீழ்த்தளத்தில் இடம் கிடைத்தது. இப்போது நாலாவது ஆள் தாராளமாக உள்ளே வரலாம். ஜன்னல்தான் இல்லை. அதற்காக அண்ணி இன்னமும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அந்த விசாரணை நாளைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வக்கீல் வேண்டாம், நேரில் வந்து சொன்னால் போதும் என்றிருந்தார்கள். துணைக்கு நான் போனேன். அண்ணி வாரக் கணக்கில் ஒத்திகை பார்த்திருந்தார். எது முதலில், எது பிறகு, எங்கே குரலை உயர்த்துவது என்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இன்றைக்கு அந்த அதிகாரி தொலைந்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

சின்ன அறை. சுவரோரம் கட்டுக்கட்டாக ஃபைல். அதிகாரிக்கு ஜலதோஷம் போலிருக்கிறது, கைக்குட்டையை மூக்கிலேயே வைத்திருந்தார். எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேரைக் கேட்டுக் களைத்துப்போயிருந்தார். நிமிராமல், “தையல் கடைதானே? உக்காருங்க. நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?” என்றார்.

அண்ணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

மெஷின் நின்றாலும் நிற்காத வாய்! எனக்குப் பகீரென்றது. முழங்கையால் இடித்தேன். “அண்ணி, மாடிப்படி... ஜன்னல்... வெளிச்சம்...” என்று எடுத்துக் கொடுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை அலைச்சலும் வீணாகிவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

“பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது” என்றார் அதிகாரி.

“பயமெல்லாம் இல்ல சார்.” அண்ணி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்க. இப்ப ஒண்ணு கேட்டீங்கல்ல, அதை இன்னொரு தடவை கேளுங்க.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் என்னத்தைச் சொல்ல? அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

“அம்மா, நீங்க என்ன சொல்ல விரும்புறீங்க?”

அண்ணி நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பேனாவைத் திறந்து வெச்சுக்குங்க சார்,” என்றார். “நிறைய இருக்கு.”